அறியப்படாத வெளியீட்டாளர்: கட்டற்ற மென்பொருளும் கணினி காட்டும் எச்சரிக்கையும்

7-ஜிப் என்ற மென்பொருளைத் தொடாத கணினிப் பயனர்கள் குறைவு. கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் இந்தச் சிறு கருவியை 1999-இல் இகோர் பாவ்லோவ் என்ற ரஷ்ய நிரலாளர் வெளியிட்டார். இன்றும் அவரே அதைப் பேணிவருகிறார். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, மூலநிரலை யாரும் படித்துப் பார்க்கலாம். கால் நூற்றாண்டாக உலகெங்கும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் இந்த மென்பொருளை இன்று ஒரு விண்டோஸ் கணினியில் நிறுவ முயன்றால் மஞ்சள் பட்டையுடன் ஒரு பெட்டி தோன்றும். வெளியீட்டாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அறியப்படாதவர்’ என்று இருக்கும்.

இதற்கு நேரெதிரான நிகழ்வு ஒன்று 2017-இல் நடந்தது. கணினியில் சேரும் வேண்டாத கோப்புகளைத் துடைப்பதற்குப் பலரும் பயன்படுத்திய சிசிகிளீனரின் 5.33 பதிப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. அதை உருவாக்கிய பிரிஃபார்ம் நிறுவனத்தின் முறையான மின்கையொப்பம் அதில் இருந்தது. வெளியீட்டாளர் பெயர் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பதிப்புக்குள் நச்சுநிரலும் இருந்தது. நிறுவனத்தின் கணினிகளுக்குள்ளேயே புகுந்தவர்கள், கையொப்பம் இடப்படுவதற்கு முன்பே அதைச் சேர்த்துவிட்டார்கள். செப்டம்பர் நடுவில் விஷயம் வெளிச்சத்துக்கு வருவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது குடியேறியிருந்தது.

நாணயமான மென்பொருளுக்கு எச்சரிக்கை, நஞ்சு கலந்த மென்பொருளுக்கு வழி. இது தற்செயலாக நேர்ந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். நிறுவும் நேரத்தில் எழும் இந்தப் பெட்டிகள் ஒரு நிரல் என்ன செய்யப்போகிறது என்று ஆராய்வதில்லை. அதைத் தந்தவர் யார், இதற்குமுன் எத்தனை பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்ற இரண்டையும்தான் பார்க்கின்றன. கட்டற்ற மென்பொருளை எழுதும் தனிமனிதர்களும் சிறு குழுக்களும் இந்த இரண்டிலுமே பின்தங்கியவர்கள். அப்படிப் பின்தங்குவதால் வரும் இழப்பு அவர்களைவிடப் பயனர்களையே அதிகம் தாக்குகிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதலில் இவ்வகைப் பெட்டிகளில் ஒன்று எப்படி எழுகிறது என்று பார்ப்போம். 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் முதல், இணையத்திலிருந்து இறக்கும் கோப்புகளின் மேல் ஓர் அடையாளம் இடப்படுகிறது. கோப்போடு சேர்ந்து வட்டில் மறைவாக இருக்கும் ஒரு துணைத் தடத்தில், இது மூன்றாம் மண்டலத்திலிருந்து வந்தது என்று உலாவி எழுதிவைக்கும். மூன்றாம் மண்டலம் என்றால் இணையம். முன்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்குள் மட்டும் இருந்த ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற சோதனையை 2012-இல் விண்டோஸ் 8 இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. கோப்பை நீங்கள் இயக்கியதும் ஸ்மார்ட்ஸ்கிரீன் அந்த அடையாளத்தைத் தேடும். இருந்தால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண்ணை மைக்ரோசாஃப்டின் சேவையகத்துக்கு அனுப்பி விசாரிக்கும். பலர் இறக்கிய, புகார் எழாத கோப்பு என்றால் ஓசையில்லாமல் வழிவிடும். முன்பின் தெரியாத கோப்பு என்றால், விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது என்ற அறிவிப்போடு பெட்டி எழும். அதில் பளிச்சென்று தெரிவது இயக்காதே என்ற பொத்தான் மட்டும். ‘மோர் இன்ஃபோ’ என்ற சிறிய எழுத்தைத் தட்டிய பிறகே ‘ரன் எனிவே’ வெளிப்படும்.

இந்த அமைப்பில் இரண்டு விளைவுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலாவது, அந்த அடையாளம் என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த வட்டில்தான் தங்கும். பெரும்பாலான பென்டிரைவ்கள் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பவை. அவற்றில் துணைத் தடத்துக்கு இடமே இல்லை. ஆகவே ஒரே கோப்பு இணையத்திலிருந்து நேராக வந்தால் விசாரிக்கப்படும், நண்பரின் பென்டிரைவில் வந்தால் விசாரிக்கப்படாது. உருவாக்கியவரின் தளத்துக்கே போய் இறக்கிய கவனமான பயனருக்கு இந்த எச்சரிக்கை வருகிறது. எந்தெந்தக் கணினிகளிலோ சுற்றிவந்த பென்டிரைவைச் செருகி நிறுவுபவருக்கு அது வருவதில்லை.

இரண்டாவது இதைவிடக் கவலை தருவது. கையொப்பம் இல்லாத மென்பொருளுக்கு நற்பெயர் கோப்புக்குக் கோப்பு புதிதாகச் சேர வேண்டும். ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் எண் முற்றிலும் மாறிவிடும். ஒரு தன்னார்வலர் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அன்றே அடைத்து, புதிய பதிப்பை வெளியிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் புதிய பதிப்பின் நற்பெயர் பூஜ்யம். ஓட்டையுள்ள பழைய பதிப்போ ஆயிரக்கணக்கானோர் இறக்கியது என்பதால் தடையின்றி நிறுவிக்கொள்ளக் கிடைக்கும். பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு பழைய பதிப்பிலேயே இரு என்று மக்களைத் தூண்டுகிறது.

இதற்கு மாற்று, கையொப்பமிடுவது. மைக்ரோசாஃப்ட் 1996-இல் ஆதென்டிகோட் என்ற முறையைக் கொண்டுவந்தது. சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்று நிரலாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து ஒரு சான்றிதழ் தரும். அதைக் கொண்டு கோப்பில் கையொப்பமிட்டால், கையொப்பமிட்டவர் இன்னார், அதன்பின் கோப்பு மாற்றப்படவில்லை என்ற இரண்டும் உறுதியாகும். நற்பெயரும் சான்றிதழின் மேல் சேர்வதால் ஒரு பதிப்பில் ஈட்டியது அடுத்த பதிப்புக்கும் உதவும். முறை நல்லது. விலைதான் தடை. இந்தச் சான்றிதழ்களுக்கு ஆண்டுதோறும் பல நூறு டாலர் வரை ஆகிறது. 2023 ஜூன் முதல், கையொப்பத்துக்கான திறவுகோலைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. திறவுகோல்கள் திருடப்பட்டதால் வந்த நியாயமான விதி அது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரு தைவான் நிறுவனங்களின் திருடிய சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தது. ஆனாலும் வருமானமே இல்லாத மென்பொருளை எழுதுபவருக்கு அந்த விதி இன்னொரு செலவு. கூடுதல் விலை கொடுத்து விரிவான சரிபார்ப்புச் சான்றிதழ் வாங்கினால் ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே நம்பும் என்ற சலுகை முன்பு இருந்தது. இப்போது அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது.

பணத்தைத் தாண்டிய தடையும் உண்டு. நோட்பேட்++ இதற்கு நல்ல சான்று. டான் ஹோ 2003-இல் வெளியிட்ட இந்த எழுத்துத் திருத்தி இன்று நிரலாளர்களின் அன்றாடக் கருவி. சான்றிதழ் நிறுவனம் ஒன்று நன்கொடையாகத் தந்திருந்த மூன்றாண்டுச் சான்றிதழ் 2019 தொடக்கத்தில் காலாவதியானது. புதிதாக ஒன்றை வாங்க முயன்ற டான் ஹோவுக்கு, மென்பொருளின் பெயரிலேயே சான்றிதழ் பெற முடியாது என்பது தெரியவந்தது. நோட்பேட்++ என்ற பெயரில் பதிவுபெற்ற நிறுவனமோ அமைப்போ இல்லை என்பது காரணம். மென்பொருளை மேம்படுத்தச் செலவிட்டிருக்க வேண்டிய நேரம் இதில் வீணாகிறது என்று அறிவித்துவிட்டு, 7.6.4 பதிப்பைக் கையொப்பமின்றியே வெளியிட்டார். உலகமே பெயர் சொல்லி அறிந்த ஒரு மென்பொருள், அந்தப் பெயரில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியாமல் போனது. சான்றிதழ் முறை கேட்பது பதிவு எண்ணை. கட்டற்ற மென்பொருள் உலகில் நம்பிக்கை வேறு விதமாக வளர்கிறது: வெளிப்படையான நிரல், ஆண்டுக்கணக்கான உழைப்பு, குறை சொன்னால் திருத்தும் பழக்கம். இவற்றைப் பதிவுசெய்ய அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

பிறகு நோட்பேட்++ மீண்டும் சான்றிதழ் பெற்றது, 2025-இல் மீண்டும் இழந்தது. அவ்வாண்டின் நடுவில் டான் ஹோ தானே உருவாக்கிய சான்றிதழால் கையொப்பமிட்டு வெளியிட்டார். விண்டோஸ் அதை அறியாது. சில வைரஸ் தடுப்பான்கள் அந்தப் பதிப்பைச் சந்தேகித்தன. அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நோட்பேட்++ தளம் இருந்த வாடகைச் சேவையகத்தில் ஊடுருவியவர்கள், தேர்ந்தெடுத்த சில பயனர்களின் புதுப்பிப்புக் கோரிக்கைகளை மட்டும் வேறு இடத்துக்குத் திருப்பிக் கள்ளக் கோப்பைக் கொடுத்தார்கள். டிசம்பரில் வந்த 8.8.9 பதிப்பு முதல், இறங்கிய கோப்பில் உரிய கையொப்பம் இருக்கிறதா என்று புதுப்பிப்பு நிரலே சோதிக்கத் தொடங்கியது. கையொப்பம் வெறும் சடங்கு என்ற எண்ணத்துக்கு இந்த நிகழ்வு இடம் வைக்கவில்லை. கையொப்பம் தேவை. தேவையான ஒன்று பதிவு எண்ணும் பணமும் உள்ளவருக்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதுதான் குறை.

ஆப்பிள் இதையே இன்னும் இறுக்கமாகச் செய்கிறது. 2012-இல் மேக் கணினிகளில் கேட்கீப்பர் என்ற சோதனை வந்தது. ஆண்டுக்கு 99 டாலர், அதாவது 8,000 ரூபாய்க்கு மேல் கட்டிப் பதிவுசெய்த நிரலாளரின் மென்பொருளே தடையின்றி ஓடும். 2019-இன் கேட்டலினா பதிப்போடு, ஒவ்வொரு மென்பொருளையும் ஆப்பிளின் சேவையகத்துக்கு அனுப்பிச் சோதித்து ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் தப்பிக்கலாம் என்ற பழைய வழியை 2024-இன் சிகோயா மூடியது. இப்போது அமைப்புகளுக்குள் நுழைந்து, பாதுகாப்புப் பக்கத்தின் அடிவரை போய் அனுமதிக்க வேண்டும். 2020 நவம்பர் 12 அன்று ஆப்பிளின் சான்றிதழ் சரிபார்ப்புச் சேவையகம் திணறியபோது, ஏற்கெனவே நிறுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய மென்பொருள்கள்கூட மேக் கணினிகளில் திறக்காமல் நின்றன. நம் மேசையில் இருக்கும் கணினியில் ஒரு நிரலைத் திறக்க எங்கோ இருக்கும் சேவையகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

வைரஸ் தடுப்பான்களின் பொய்க் குற்றச்சாட்டு தனி வகை. தமிழில் எழுதுபவர்களுக்கு இது மிக நெருக்கமானது. விண்டோஸிலேயே போதுமான தமிழ் விசைப்பலகைகள் இல்லாத காலத்தில் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற கருவிகள்தான் தமிழைக் கணினியில் ஓடவைத்தன. தனியாட்களும் சிறு குழுக்களும் ஒரு பதிப்பகமும் உழைத்துத் தந்தவை அவை. இவ்வகைக் கருவி ஒன்று என்ன செய்ய வேண்டும்? நீங்கள் எந்த மென்பொருளில் எழுதினாலும் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் நடுவில் பிடித்து, அதற்குரிய தமிழ் எழுத்தாக மாற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்கு விண்டோஸ் தரும் வழிகளில் ஒன்று, விசைகளை இடைமறிக்கும் ‘ஹுக்’. கடவுச்சொல் திருடும் கீலாகர்களும் கையாளுவது அதே ஹுக்கைத்தான். வெளியிலிருந்து பார்க்கும் தடுப்பானுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனிடம் கையொப்பம் இல்லாத, சில ஆயிரம் பேர் மட்டுமே பயன்படுத்தும் கோப்பு ஒன்று வந்தால் அது கீலாகர் என்று முடிவுகட்டுவது எளிது. பெரிய மொழிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவற்றுக்கான உள்ளீட்டு முறைகளை இயங்குதளம் தொடக்கத்திலிருந்தே தந்துவிடுகிறது. பயனர் எண்ணிக்கையை நம்பகத்தின் அளவுகோலாக வைக்கும் எந்த முறையிலும் சிறிய மொழிகளின் கருவிகள் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. இந்த அநீதியைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் போதிய அளவு பேசுவதில்லை.

பைத்தானில் எழுதிய நிரலை ஒரே கோப்பாகக் கட்டித்தரும் பைஇன்ஸ்டாலரைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே அனுபவம். அந்தக் கோப்புகளின் தொடக்கப் பகுதி எல்லா நிரல்களிலும் ஒன்றே. தீம்பொருள் எழுதுபவர்களும் அதே கருவியைக் கையாளுவதால், மாணவர் ஒருவர் எழுதிய மதிப்பெண் கணக்கிடும் நிரல்கூடத் தீம்பொருள் என்று பிடிபடும்.

பாதுகாப்பு எச்சரிக்கையும் பொருந்தாமையும் தொழில்நுட்பத்தில் வெவ்வேறு. ஆனால் நிறுவ முயன்று தோற்பவருக்கு இரண்டும் திரையில் எழும் ஒரு பெட்டிதான். ஒன்று மற்றொன்றை மோசமாக்கவும் செய்கிறது. தமிழ்த் தட்டச்சுக் கருவியையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் விஸ்டா முதல், நிர்வாகி உரிமையோடு ஓடும் மென்பொருளுக்கு அழுத்தும் விசைகளைச் சாதாரண உரிமையோடு ஓடும் கருவி இடைமறிக்க முடியாது. இது நல்ல பாதுகாப்பு. பயனருக்குத் தெரிவதோ, இந்த மென்பொருளில் மட்டும் தமிழ் வரவில்லை என்பதுதான். யாரோ சொல்லும் தீர்வு, தட்டச்சுக் கருவியையும் நிர்வாகியாக ஓட்டு என்பது. விசைகளையெல்லாம் பிடிக்கும் ஒரு நிரலுக்குக் கணினியின் உச்ச அதிகாரமும் இப்படிப் போய்ச் சேருகிறது.

வி.சி.ரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்ற பிழைச் செய்தியும் இப்படித்தான். விஷுவல் சி++-இல் கட்டிய நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் துணை நூலகத் தொகுப்பு ஒன்று கணினியில் இருக்க வேண்டும். அதை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. பிழைச் செய்தி அதைச் சொல்வதில்லை. ஒரு கோப்பின் பெயரை மட்டும் சொல்லி நிற்கிறது. அந்தப் பெயரைத் தேடுபவர்கள் டிஎல்எல் கோப்புகளை உதிரியாக அள்ளித்தரும் தளங்களில் போய் விழுகிறார்கள். யார் கட்டியது என்றே தெரியாத கோப்பை இறக்கி, விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் போடுகிறார்கள். அத்தனை எச்சரிக்கைகளையும் தாண்டி நேர்மையான மென்பொருளை இறக்கியவர், ஒரு பொருந்தாமைப் பிழையால் உண்மையான ஆபத்துக்குள் தள்ளப்படுகிறார்.

பழைய கணினிகளில் இது இன்னும் கடுமை. எக்ஸ்பி காலத்தில் யூனிகோடுத் தமிழைச் சரியாகப் பார்ப்பதற்கே கன்ட்ரோல் பேனலில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் சிடியைச் செருக வேண்டியிருந்தது. சிடி இல்லாதவர் திரையில் கொம்பு எழுத்தின் பின்னால் நின்றது. தமிழ் மென்பொருள் தந்தவர்கள்மேல் விழுந்த புகார்களில் இந்த வகைக் குறைகளும் உண்டு. குறை அவர்கள் கையில் இருக்கவில்லை. 1990-களின் மென்பொருள்கள் சில 32-பிட்டில் எழுதியவை, ஆனால் அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16-பிட். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை ஓட்டாது. ஆகவே நிறுவிவிட்டால் ஓடக்கூடிய மென்பொருளை நிறுவவே முடியாமல் போகிறது.

எழுதுபவர் விரும்பினாலும் பழைய இயங்குதளத்தை ஆதரிக்க முடியாத நிலையும் இருக்கிறது. தன்னார்வலர்கள் தங்கள் நிரலை வேறு நூலகங்களின் மேல் கட்டுகிறார்கள். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. 2020 டிசம்பரில் வந்த கியூட் 6 நூலகம் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. அடித்தளம் நகரும்போது மேலே நிற்பவரும் நகர வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினிகளுக்கு விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி தருவதில்லை. இவ்வகைக் கணினிகளை மாற்ற வசதியில்லாத பள்ளிகளும் சிறு கடைகளும் பழைய மென்பொருள் பதிப்புகளைத் தேடிப் போகும் காலம் இனி நீளும். லினக்ஸ் உலகமும் இதில் சளைத்ததில்லை. வெவ்வேறு லினக்ஸ் வகைகளுக்கு ஒரே நிரலைக் கட்டித்தருவது எவ்வளவு வேதனை என்று, தன் சப்சர்ஃபேஸ் மென்பொருள் அனுபவத்தை வைத்து லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2014-இன் டெபியன் மாநாட்டில் வெளிப்படையாகப் பேசினார்.

இப்போது மனிதர்களின் பக்கம். டெவ்தத்தா அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் தோன்றிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை எடுத்துப் பார்த்தது. தீம்பொருள், ஏமாற்றுத்தளம் பற்றிய எச்சரிக்கைகளை மீறியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் குரோமில் தளச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கைகளில் 70.2 விழுக்காடு மீறப்பட்டன. ஃபயர்ஃபாக்ஸில் அதே வகை எச்சரிக்கை மூன்றில் ஒரு பங்கே மீறப்பட்டது. மக்கள் எதையும் படிக்கமாட்டார்கள் என்ற பொதுக் குற்றச்சாட்டு தவறு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. எச்சரிக்கை எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை முறை வீணாக ஒலித்தது என்பதைப் பொறுத்தே அவர்கள் நடக்கிறார்கள். பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே மூளையின் காட்சிப் பகுதியில் கவனம் சரிந்துவிடுவதைக் கண்டார்கள்.

கட்டற்ற மென்பொருளின் நிறுவல் குறிப்புகளை இந்த வெளிச்சத்தில் படித்தால் மனம் கனக்கிறது. எச்சரிக்கை வரும், பயப்படாமல் ‘மோர் இன்ஃபோ’, பிறகு ‘ரன் எனிவே’ அழுத்துங்கள், தேவைப்பட்டால் வைரஸ் தடுப்பானைச் சிறிது நேரம் நிறுத்துங்கள் என்று நல்ல மனிதர்கள் நல்ல நோக்கத்தோடு எழுதுகிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் திருடர்கள் சொல்வதும் இதே வாசகம்தான்: எச்சரிக்கை வரும், பயப்படாமல் அனுமதி கொடுங்கள். நல்லவர்கள் கற்றுக்கொடுத்த பழக்கத்தைத் திருடன் அறுவடை செய்கிறான். பயனர்களைத் தாக்கும் இழப்பு என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

எச்சரிக்கைகளை மொத்தமாக எடுத்துவிடலாமே என்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்ட வேண்டும். 2017 மே 2 முதல் 6 வரை, ஹேண்ட்பிரேக் என்ற கட்டற்ற வீடியோ மென்பொருளின் பதிவிறக்கச் சேவையகங்களில் ஒன்றைக் கைப்பற்றியவர்கள், மேக் பதிப்புக்குப் பதிலாக புரோட்டான் என்ற உளவுநிரலை வைத்தார்கள். அதில் சிக்கியவர்களில் ஒருவர் பானிக் என்ற புகழ்பெற்ற மேக் மென்பொருள் நிறுவனத்தின் இணை நிறுவனர். அந்நிறுவனத்தின் மூலநிரலே களவுபோனது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற கட்டற்ற டொரண்ட் மென்பொருளின் 2.90 பதிப்பில் கீரேஞ்சர் என்ற பணயநிரலைச் சேர்த்தவர்கள், வேறொருவருக்கு வழங்கிய செல்லுபடியான ஆப்பிள் சான்றிதழால் கையொப்பமிட்டு கேட்கீப்பரைத் தாண்டினார்கள். கட்டற்ற மென்பொருளை எழுதுபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 7-ஜிப் விரித்துத் தந்த கோப்புகளுக்கு இணைய அடையாளத்தைக் கடத்தும் வசதியே 2022-இல்தான் வந்தது. அதிலும் இருந்த ஓட்டையை 2024 நவம்பரின் 24.09 பதிப்பு அடைத்தது. அதற்குள் உக்ரைன் அமைப்புகளைத் தாக்க அந்த ஓட்டை பயன்பட்டுவிட்டது. 7-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பழைய பதிப்பு உள்ள கணினிகளில் ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆண்ட்ராய்டும் இதே திசையில் நகர்கிறது. சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டுக் கருவிகளில் நிறுவும் எந்தச் செயலிக்கும், அது பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்தாலும், அடையாளம் சரிபார்க்கப்பட்ட நிரலாளர் வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிப்பது திட்டம். மூலநிரலிலிருந்து தானே கட்டிக் கட்டற்ற செயலிகளை மட்டும் 2010 முதல் வழங்கிவரும் எஃப்-டிராய்டு, தன் பணியையே இது முடக்கிவிடும் என்று எதிர்த்தது. அனுபவமுள்ள பயனர்களுக்கு ஒரு மாற்றுவழி விடுவதாகக் கூகுள் பின்னர் சொன்னது. ஏபிகே மோசடியில் சேமிப்பை இழந்தவர்களை நினைத்தால் கூகுளின் நோக்கத்தைத் தள்ள முடியவில்லை. அடையாளத்தை வெளியிட்டால் ஆபத்து என்றிருக்கும் நாடுகளில் கட்டற்ற செயலிகளை எழுதுபவர்களை நினைத்தால் அந்த வழியை ஏற்கவும் முடியவில்லை. மூலநிரலும் கட்டும் முறையும் திறந்திருக்கும் செயலிக்குத் தனி வழி வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இணையதளங்களுக்கு இந்தச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. 2015 இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட், தளச் சான்றிதழ்களை இலவசமாக்கியது. மென்பொருளில் அதை அப்படியே செய்ய முடியாது. ஒரு முகவரி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை இயந்திரமே சோதித்துவிடும், ஒரு மனிதர் யார் என்பதைச் சோதிக்க மனிதர் வேண்டும். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது சைன்பாத் அறக்கட்டளை போன்ற முயற்சிகள். அந்த அறக்கட்டளை, திறமூலத் திட்டங்களின் மூலநிரலிலிருந்தே கோப்பு கட்டப்பட்டதா என்று சரிபார்த்து, தன் சான்றிதழால் இலவசமாகக் கையொப்பமிட்டுத் தருகிறது. பெட்டியில் அறக்கட்டளையின் பெயர் வெளியீட்டாளராகத் தெரியும். தனிமனிதருக்குப் பதிலாக ஓர் அமைப்பு பொறுப்பேற்கும் இந்த வழியே நடைமுறைக்கு ஏற்றது என்று நான் கருதுகிறேன். தமிழுக்கும் இது பொருந்தும். தமிழ் இணையக் கல்விக்கழகமோ பல்கலைக்கழகக் கணினித் துறை ஒன்றோ ஒரு சான்றிதழை வாங்கி, தமிழ்க் கட்டற்ற மென்பொருள்களின் நிரலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தந்தால், அதன் செலவு ஒரு சிறு கருத்தரங்குக்கு ஆகும் செலவைத் தாண்டாது.

அதுவரை பயனர் செய்யக்கூடியவை இருக்கின்றன. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடல் முடிவின் மேலே வரும் விளம்பரத்தைத் தொடக் கூடாது, அதில் போலித் தளங்கள் பலமுறை வந்திருக்கின்றன. புகழ்பெற்ற பதிவிறக்கக் களஞ்சியம் என்பதும் போதாது. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் விண்டோஸ் நிறுவல் கோப்போடு சோர்ஸ்ஃபோர்ஜ் 2015-இல் விளம்பர மென்பொருளைச் சேர்த்துத் தந்தது. ஹாஷ் எண்ணை ஒப்பிடுவது நல்லது, ஆனால் கோப்பும் எண்ணும் ஒரே பக்கத்தில் இருந்தால் பக்கத்தைக் கைப்பற்றியவர் இரண்டையும் மாற்றியிருப்பார். பல தடுப்பான்களால் ஒருசேரச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கும்போது எழுபது சோதனைகளில் அறியாத பெயருடைய ஒன்றிரண்டு மட்டும் குறைகூறினால் பொய்க் குற்றச்சாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய நிறுவனங்கள் பலவும் சேர்ந்து குறைகூறினால் நிறுவக் கூடாது. விண்டோஸ் 10, 11-இல் விங்கெட் கட்டளையால் நிறுவினால் ஹாஷ் ஒப்பீடு தானாக நடக்கும். வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொல்லும் எந்தக் குறிப்பையும், அது யார் எழுதியதாக இருந்தாலும், பின்பற்ற வேண்டாம்.

நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தளத்துக்கு இந்த வாரம் போய்ப் பாருங்கள். பதிப்பு பழையதென்றால் புதியதை நிறுவுங்கள். பொய் எச்சரிக்கை வந்தால், தடுப்பான் நிறுவனத்தின் படிவத்தில் அதைப் புகாராக எழுதுங்கள், சில நிமிட வேலைதான். நன்கொடைப் பக்கம் இருந்தால், சான்றிதழ்ச் செலவுக்கு என்று குறிப்பிட்டு உங்களால் இயன்றதை அனுப்புங்கள்.